கிராமத்துக் கலைவிழாவுக்கு அரசு மானியம் வாங்கியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்

ஏரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். செய்யாறு பக்கத்தில் ஒரு பெரிய கிராமம் எங்களுடையது. சில வருடங்களாக நண்பர்கள் சேர்ந்து தை மாதத்தில் மூன்று நாள் கலைவிழா நடத்துகிறோம். தெருக்கூத்து, பறை, பொம்மலாட்டம், சிலம்பம், பள்ளிப் பிள்ளைகள் போடும் நாடகம் எல்லாம் உண்டு. கோயில் திருவிழா இல்லை, எந்தச் சாமி பெயரிலும் நடத்துவதில்லை. இடம் பள்ளி மைதானம், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், டிக்கெட் கிடையாது.

செலவு முழுக்க வசூல்தான். கடைக்காரர்கள், அரிசி ஆலைக்காரர்கள், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று கேட்டு வாங்குகிறோம். பிரச்சினை எங்கே என்றால், பெரிய தொகை கொடுப்பவர் விழாவையும் தன் கையில் கேட்கிறார். போன விழாவில் ஒருவர், பறையாட்டத்தை மேடையில் வைக்க வேண்டாம், ஊர்வலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். முடியாது என்று சொன்னோம், பணத்தை நிறுத்திவிட்டார். கடன் வாங்கித்தான் விழாவை முடித்தோம், பறைக் குழு முதல் நாளே மேடையில் ஆடியது.

அதனால்தான் அரசு நிதி பற்றி யோசிக்கிறோம். மக்கள் பணம் என்றால் அதில் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது, ஒருத்தர் வந்து உத்தரவு போட முடியாது என்பது எங்கள் எண்ணம். மத்திய கலாச்சார அமைச்சகம், தஞ்சாவூர் பண்பாட்டு மையம், மாநிலக் கலை பண்பாட்டுத் துறை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கள் சங்கத்தைப் பதிவு செய்து ஒரு வருடம்தான் ஆகிறது. மொத்தச் செலவு சுமார் 4 லட்சம். எதற்கு விண்ணப்பிக்கலாம், பணம் விழாவுக்கு முன்னால் வருமா, வாங்கிய பிறகு நிகழ்ச்சி நிரலில் தலையிடுவார்களா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திரைச்சீலை:

தம்பி, நாங்கள் நாடகக் குழு, இந்தப் பாதையில் பல வருடமாகப் போய் வருகிறோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மத்திய அரசு. கலாச்சார அமைச்சகத்தில் கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா என்று ஒரு பெரிய குடை, அதற்குள் பல திட்டங்கள். உங்களுக்குப் பொருந்துவது விழா, கருத்தரங்கு, நாடகத் தயாரிப்பு போன்றவற்றுக்கான மானியம். சாதாரணமாக அதிகபட்சம் 5 லட்சம், விதிவிலக்கான நிலையில் 20 லட்சம் வரை போகலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். செலவில் 75 சதவீதம்தான் தருவார்கள், மீதி 25 உங்கள் பொறுப்பு. அந்த 75 சதவீதமும் ஒரே தடவையில் வராது. முதல் தவணை முக்கால் பங்கு, மீதிக் கால் பங்கு விழா முடிந்து கணக்குக் கொடுத்த பிறகு.

உங்கள் 4 லட்சத்தை வைத்தே பாருங்கள். கேட்டதெல்லாம் கிடைத்தால் மானியம் 3 லட்சம். முதலில் கைக்கு வருவது 2 லட்சத்து 25 ஆயிரம். உங்கள் பங்கு ஒரு லட்சம், பின்னால் வரப்போகும் 75 ஆயிரம், இரண்டையும் சேர்த்து 1 லட்சத்து 75 ஆயிரம் விழா நாளில் உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால்தான் இந்தக் கணக்கு. எங்களுக்கு ஒருமுறை விழா முடிந்து அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது, அப்புறம்தான் இரண்டாம் தவணை வந்தது. அந்த இடைவெளியில் பந்தல்காரருக்கும் சவுண்ட் சர்வீஸ்காரருக்கும் பதில் சொல்ல முடியாமல் எங்கள் செயலாளர் பட்ட பாடு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ஆனால் இந்தத் திட்டம் உங்களுக்கு இப்போது கிடைக்காது. பதிவு செய்து மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் கலைப் பணி செய்ததற்குச் சான்றும் வேண்டும். வேறு ஒரு சங்கத்தின் பெயரில் விண்ணப்பித்து நாம் விழா நடத்திக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். பணம் அவர்கள் கணக்கில் விழும், பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்து அவர்களுடையது, நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் இரண்டு பேருக்கும் சிக்கல். மத நிறுவனமாகவோ பள்ளி, கல்லூரியாகவோ இயங்கும் அமைப்புகளுக்கும் இதில் இடமில்லை. கோயில் கமிட்டி வழியாகப் போகாமல் தனிச் சங்கமாகப் பதிந்தீர்களே, அது நல்ல வேலை.

இப்போதைக்கு உங்களுக்குத் தஞ்சாவூர்தான் சரி. தென்னகப் பண்பாட்டு மையம், 1985, 1986 வாக்கில் நாடு முழுக்க ஏழு மண்டல மையங்கள் உருவானபோது வந்தது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி, அந்தமான், லட்சத்தீவு எல்லாம் அதன் எல்லைக்குள். அவர்களிடம் காசு கேட்காதீர்கள், குழு கேளுங்கள். இன்னின்ன நாளில் விழா, இவ்வளவு கூட்டம் வரும், இரண்டு குழுக்களை அனுப்ப முடியுமா என்று எழுதுங்கள். ஒப்புக்கொண்டால் கலைஞர் சம்பளமும் பயணச் செலவும் மையத்திலிருந்து நேராகக் கலைஞர்களுக்குப் போய்விடும், மேடை, ஒலி, ஒளி, சாப்பாடு, தங்குமிடம் உங்கள் பொறுப்பு. பணம் உங்கள் கையில் வராததால் கணக்குத் தலைவலி குறைவு. கர்நாடகத்து டொள்ளு குனிதா மேள ஆட்டமோ கேரளத்துப் படையணி என்ற முகமூடி ஆட்டமோ செய்யாற்றில் நடந்தால் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

மாநில அளவில், கலை பண்பாட்டுத் துறைக்கு மண்டல மையங்கள் இருக்கின்றன, உங்களுக்குக் காஞ்சிபுரம். அங்கே உதவி இயக்குநரை நேரில் போய்ப் பாருங்கள், கடிதம் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். மாவட்டக் கலை மன்றத்துக்கு ஆட்சியர்தான் தலைவர், அவருக்கும் ஒரு மனு கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேரேடு:

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், சில கலைச் சங்கங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். மேலே சொன்னது எல்லாம் சரி. காகித வேலையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், நல்ல விழா நடத்திய பல சங்கங்கள் இதில்தான் விழுகின்றன.

மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்றால் அந்த மூன்று வருடத்தை வீணாக்காதீர்கள். சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு, பான், தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிவு, இந்த மூன்றும் உடனே. தர்பண் எண் இல்லாமல் மத்திய மானியம் எதற்கும் நுழைய முடியாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தீர்மானம் எழுதி, வரவு செலவை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கங்கள் நிறையப் பேர் முதல் வருடத்தோடு இதை விட்டுவிட்டு, மானியம் கேட்கும்போது மொத்தமாகத் தாமதக் கட்டணம் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அடுத்து நன்கொடை வாங்கும் சங்கங்களுக்கான வருமான வரிப் பதிவு, 12ஏ, 80ஜி என்று சொல்வார்கள். இது இருந்தால் உங்கள் ஊரிலிருந்து வெளியே போய்ச் சம்பாதிக்கும் பிள்ளைகள் கொடுக்கும் நன்கொடைக்கு அவர்களுக்கு வரி விலக்கு கிடைக்க வழி உண்டு. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் (சிஎஸ்ஆர்) கேட்கலாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியக் கலை வளர்ச்சியும் சேர்த்திதான். ஆனால் 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்த அமைப்புகளுக்குத்தான் அந்தப் பணம் வரும். செய்யாறு சிப்காட்டில் இவ்வளவு தொழிற்சாலைகள் இருக்கின்றன, இந்தப் பதிவை முடித்துக்கொண்டு அங்கே போய்க் கேளுங்கள். கதவு திறக்கச் சில மாதமாகும், ஆனாலும் கேட்கலாம்.

விழா நடக்கும்போதே வவுச்சர் எழுதுங்கள், முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதினால் பாதி காணாமல் போயிருக்கும். ஒரே ஆளுக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பந்தல், ஒலி, அச்சகம் எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும். மானியம் வாங்கிய பிறகு ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள், கூடவே ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட செலவுக் கணக்கு, அழைப்பிதழ், புகைப்படம், பத்திரிகைச் செய்தி. பேனரில் மானியம் தந்த அமைப்பின் பெயர் இருக்கும்படி ஒரு புகைப்படம் கட்டாயம் எடுத்துவையுங்கள்.

ஜிஎஸ்டி பற்றிப் பயப்பட வேண்டாம். நாட்டுப்புறக் கலையோ செவ்வியல் கலையோ, கலைஞர் வாங்கும் தொகை 1.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த நிகழ்ச்சிக்கு வரி கிடையாது. இடையில் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவரை வைத்தால் அவர் பில்லில் 18 சதவீதம் வரும், அதனால் ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, நேரடியாகப் பேசுங்கள்.

தெற்குவாசல்:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். இந்த வழியில் போக வேண்டாம் தோழர்.

அரசு ஆதரவோடு நடந்த சென்னை சங்கமம் கலைவிழா 2007ல் ஆரம்பித்தது. பூங்காவிலும் கடற்கரையிலும் கரகமும் ஒயிலாட்டமும் பார்த்துச் சென்னைக்காரர்கள் மகிழ்ந்துபோனார்கள், கிராமத்துக் கலைஞர்களுக்கு ஒரு பெரிய மேடை கிடைத்தது. 2011ல் ஆட்சி மாறியது, விழா நின்றது. மறுபடி 2023 பொங்கலுக்குத்தான் நம்ம ஊரு திருவிழா என்ற பெயரோடு திரும்பி வந்தது. நடுவில் இத்தனை பொங்கல்! அந்த மேடையை நம்பியிருந்த குழுக்கள் என்ன செய்திருக்கும்? அவ்வளவு பெரிய விழாவுக்கே இந்தக் கதி என்றால் உங்கள் பள்ளி மைதானத்து விழாவை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

நம் ஊர்களில் கூத்து இத்தனை தலைமுறையாக நின்றது அரசு காசில் இல்லை. பாரதக் கூத்து பத்து நாள், பதினெட்டு நாள் நடப்பது தலைக்கட்டு வரியில். வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு வசூலித்து, ஜமாவுக்குத் தாம்பூலம் வைத்து, ஊரே சாப்பாடு போட்டு நடத்தினார்கள். காசு கொடுத்தவனுக்கு அது தன் கூத்து என்ற உணர்வு இருந்தது. மானியம் வந்துவிட்டால் ஊர்க்காரன், அதான் கவர்மென்ட் தருதே என்று கையைக் கட்டிக்கொள்வான். எத்தனை ஊரில் எம்எல்ஏ நிதியில் கலையரங்கம் கட்டிப் பூட்டி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். கட்டடத்துக்குப் பணம் வந்தது, அதில் ஆட ஒரு கூத்துக்கூட வரவில்லை.

செம்பருத்தி:

தெற்குவாசல் அண்ணா, தலைக்கட்டு வரியைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்ள முடியும். ஊரே சேர்ந்து நடத்தினார்கள் என்கிறீர்களே, அந்த ஊரில் காலனி இருந்ததா? எங்கள் ஊரில் எங்கள் தெருவிலிருந்து வரி வாங்கவே மாட்டார்கள். வாங்கினால் முறைமையும் உரிமையும் கொடுக்க வேண்டி வரும். கூத்தை நாங்கள் தூரத்தில் நின்றுதான் பார்த்தோம், என் தாத்தா அதே திருவிழாவுக்குப் பறை அடித்தவர். ஆண்களின் பெயரில்தான் தலைக்கட்டு எழுதுவார்கள் என்பது இன்னொன்று, கைம்பெண்கள் தலைமையில் இருந்த வீடுகள் கணக்கிலேயே வராது.

ஏரிக்கரை சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள். பறையை மேடையில் ஏற்றாதே என்று சொன்னவர் ஊர்க்காரர்தான், காசு கொடுத்தவர்தான். அரசாங்கப் பணத்தில் தாமதம் உண்டு, அலைச்சல் உண்டு, ஆட்சி மாறினால் நிற்கும், எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் எங்கள் ஆட்களை மேடையிலிருந்து இறக்கச் சொல்ல முடியாது. சொன்னால் கேள்வி கேட்கச் சட்டம் இருக்கிறது. நான் மளிகைக் கடையில் சோப்பு வாங்கும்போது கட்டும் வரியும் அந்த மானியத்தில் இருக்கிறது. எங்கள் வரியை வாங்க மறுக்காத ஒரே இடம் அதுதான். அதனால் கேளுங்கள் தம்பி, தயங்காமல் கேளுங்கள்.

முகவீணை:

நான் கூத்துக்காரன், சின்ன வயதிலிருந்து பின்பாட்டு, இப்போது சொந்தமாக ஜமா வைத்திருக்கிறேன். மானியத்தில் நடந்த விழாக்களில் ஆடியிருக்கிறேன், ஊர் வசூலில் நடந்த கூத்தும் ஆடியிருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஊர்க் கூத்தில் விடிந்ததும் வேஷம் கலைக்கும்போது காசு கைக்கு வந்துவிடும். மானிய விழாவில், பில் பாஸாகட்டும் வாத்தியாரே என்பார்கள். எங்கள் ஜமாவில் இருப்பவர்கள் பகலில் கரும்பு வெட்டப் போகிறவர்கள், செங்கல் சூளையில் நிற்கிறவர்கள், ஒரு ராத்திரி ஆடினால் மறுநாள் கூலியும் போச்சு. அவனிடம் போய் மூன்று மாதம் பொறு என்று நான் எப்படிச் சொல்வேன்? சொந்தக் காசைப் போட்டுக் கொடுத்துவிட்டு நான்தான் விழாக் கமிட்டிக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். ஆகவே எந்த மானியம் வந்தாலும் வராவிட்டாலும், கலைஞன் சம்பளத்தை விழாவுக்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். தாமதத்தைத் தாங்கக் கூடியவர் யார் என்று பார்த்து அவரிடம் பொறுக்கச் சொல்லுங்கள், அது நாங்கள் இல்லை. கையில் காசு குறைவாக இருந்தால் மூன்று நாளை இரண்டாக்குங்கள், அலங்கார விளக்கைக் குறையுங்கள், சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

கலைஞர்களிடம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். 2007ல் வந்த வாரியம், இன்னும் நிறையப் பேர் சேராமல் இருக்கிறார்கள். விழாவில் ஒரு மேஜை போட்டு உறுப்பினர் படிவம் நிரப்பிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. வங்கிக் கணக்கு இல்லாத வயதானவர்களுக்கும் அங்கேயே வழி சொல்லலாம்.

அப்புறம் கூத்து நேரம். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, போலீஸ் வந்து நிறுத்துவார்கள். மானியம் தந்த விழா என்றாலும் அதே சட்டம்தான். விடிய விடிய என்று போஸ்டர் அடித்துவிட்டுப் பத்தரைக்கு முடித்த கூத்துகளை நான் ஆடியிருக்கிறேன், கர்ணன் களத்துக்கு வருவதற்குள் கதை முடிந்துவிடும். 10 மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு ஜனங்களைக் களரிக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார வையுங்கள். மைக் வருவதற்கு முன்னால் ஆடிய ஆட்டம் இது, குரல் போய்ச் சேரும். காவல் நிலையத்தில் முன்கூட்டியே இதை எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். உங்கள் மாவட்டத்திலேயே புரிசையில் கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக வருடா வருடம் ராத்திரி முழுக்கக் கூத்து விழா நடத்துகிறார்கள், ஒரு தடவை போய் எப்படி நடத்துகிறார்கள் என்று உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்று. பங்குனியிலிருந்து ஆடி வரை பாரதக் கூத்து சீசன், எங்களைப் பிடிக்க முடியாது. உங்கள் விழா தையில் என்பதால் பரவாயில்லை, ஆனால் மானியம் வரவில்லை என்று தள்ளித் தள்ளி வைத்து வைகாசிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஏரிக்கரை:

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. செம்பருத்தி அக்கா எழுதியதைக் குழுவில் சத்தமாகப் படித்தோம், எங்கள் பறைக் குழு வாத்தியார் இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார்.

நாங்கள் பேசி முடிவெடுத்தது இதுதான். கலைஞர் சம்பளம் மட்டும் தனிக் கணக்கு, அதை வசூலிலிருந்து முதலில் ஒதுக்குகிறோம், அந்தப் பணம் விழா நடக்கும் ராத்திரிக்கு முன் தொடப்படாது. தஞ்சாவூருக்கு இரண்டு குழு கேட்டு எழுதுகிறோம். காஞ்சிபுரம் போய் உதவி இயக்குநரைப் பார்க்க இரண்டு பேர் கிளம்புகிறார்கள். மத்திய மானியத்துக்கு மூன்று வருடம் முடியட்டும், அதற்குள் பேரேடு சார் சொன்ன பதிவுகளை முடித்துவிடுகிறோம். வசூலில் இனி ஒரு ஆளிடம் பெரிய தொகை வாங்குவதில்லை, ஒருவருக்கு 5,000 ரூபாய்தான் உச்சம் என்று தீர்மானம் போட்டோம். தெற்குவாசல் தோழர் சொன்ன, தன் கூத்து என்ற உணர்வு போய்விடக் கூடாது என்பதும் நியாயம்தான், ஆகவே வசூலை நிறுத்தவில்லை, எல்லாத் தெருவிலும் வாங்குகிறோம்.

ஒரு சந்தேகம். தஞ்சாவூருக்கு எழுதும்போது குழுப் பெயரை நாங்களே சொல்லலாமா, இல்லை அவர்கள் தருவதைத்தான் வாங்க வேண்டுமா?

திரைச்சீலை:

சொல்லலாம். எந்தக் கலை வேண்டும், ஏன் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள், மாற்றாக இன்னும் இரண்டு கலைகளையும் குறிப்பிடுங்கள். ஒரு குழுவின் பெயரை மட்டும் கேட்டு நின்றால் அந்தத் தேதியில் அவர்கள் வேறு இடத்தில் இருப்பார்கள், கோரிக்கை அப்படியே கிடக்கும். தேதி, இடம், மேடை அளவு, எத்தனை பேருக்குத் தங்க வசதி, பெண் கலைஞர்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, இதெல்லாம் கடிதத்திலேயே இருக்கட்டும். போன விழாக்களின் புகைப்படம் நான்கைந்து, அதில் கூட்டம் தெரிகிற மாதிரி. தை விழாவுக்கு ஆடிக்குள் கடிதம் போய்விட வேண்டும், புரட்டாசியில் ஒரு தடவை நேரில் போய் நினைவுபடுத்துங்கள். வரைவு எழுதியதும் இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.

முகவீணை:

வெளிமாநிலக் குழு வந்தால் சாப்பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. ஆடுவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிடுகிறவர்களும் உண்டு, ஆட்டம் முடிந்துதான் வாயில் வைப்பேன் என்பவர்களும் உண்டு. நடுராத்திரிக்கு அடுப்பு எரிய ஒரு ஆளை நிறுத்தி வையுங்கள்.